என் வண்டியை அவள் ஓட்டுகிறாள்

ஜூன் 1, ஞாயிறு

கோபம் வந்தால் யார் மேலும் காட்டாதீர்கள், எழுதி வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிரஷர் மாத்திரையோடு இதுவும் ஒரு மருந்தாம். தேங்காய் நார் மில் நடத்துகிறவன் உட்கார்ந்து என்னத்தை எழுதுவது என்று நினைத்திருந்தேன். இன்று தாராளமாக எழுத விஷயம் கிடைத்துவிட்டது.

எங்கள் ஜீப் கிளப் மாதாமாதம் முதல் ஞாயிறு ஆனைமலை அடிவாரத்துப் பக்கம் வண்டிகளைக் கொண்டுபோய் ஓடையிலும் பாறையிலும் ஏற்றி இறக்கும். இன்று ஓடையில் ஒரு பாறை மேல் ஏற்றினேன். டை ராட் வளைந்துவிட்டது. டாக்டர் இதைப் படிக்க நேர்ந்தால் புரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்: முன் சக்கரம் இரண்டையும் சேர்த்துப் பிடித்திருக்கும் குறுக்குக் கம்பிதான் டை ராட். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் இரண்டும் ஒன்றாகத் திரும்புவது அதனால்தான். அது வளைந்ததும் என் இரண்டு சக்கரமும் சொத்துத் தகராறில் இருக்கிற அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு பக்கம் பார்த்து நின்றன.

கம்பி வளைவது யாருக்கும் நடக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. என் மனைவி கோகிலவாணி இன்று சும்மா கூட வந்தவள், கட்டுச்சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு கரையிலிருந்து சொன்னாள்: "அந்தப் பாறைக்கு வலப்பக்கமா வழி இருந்துச்சுங்களே."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வலப்பக்கம் வழி இருந்தது.

மெக்கானிக் சலாவுதீன் கம்பியைக் கல்லில் வைத்து அடித்து ஓரளவு நிமிர்த்தினான். நான் எடுத்தேன், வண்டி சேற்றில் ஒருபக்கமாக இழுத்துக்கொண்டு போய் நின்றது. "நான் ஒருக்கா எடுத்துப் பாக்கட்டுங்களா?" என்றாள் கோகிலா. சிரித்துக்கொண்டேதான் சாவியைக் கொடுத்தேன். ஸ்டீயரிங்கைக் கால்வாசி ஒடித்தபடியே பிடித்துக்கொண்டு, சத்தமே போடாமல் வண்டியைக் கரையேற்றிவிட்டாள். கைதட்டினார்கள். நானும் தட்டினேன். கிளப் தலைவர் ரங்கநாயகம் எல்லாவற்றையும் போனில் பிடித்திருக்கிறார்.

ஜூன் 2, திங்கள்

அந்த வீடியோ கிளப் குரூப்பில் வந்திருக்கிறது. ஒரு தடவை பார்த்தேன். சரி, நாலைந்து தடவை பார்த்தேன். வளைந்த கம்பியோடு ஓட்டினால் யாராக இருந்தாலும் மெதுவாகத்தான் ஓட்டுவார்கள், அதனால்தான் ஏறியது. இதை குரூப்பில் எழுதலாம் என்று நினைத்து எழுதவில்லை.

ஜூன் 4, புதன்

சலாவுதீன் ஒர்க்ஷாப்புக்குப் போனோம். "பழைய கம்பி வேண்டாங்கண்ணா. கனமான பைப் போட்டுக்கலாம். அப்பறம், இப்ப கீழ இருந்து மாட்டிருக்கறத மேல இருந்து மாட்டிரலாம். அந்த அளவுக்குக் கம்பி தரையில இருந்து ஒசந்துரும், பாறை தொடாது," என்றான். நல்ல யோசனைதான். போன வருஷமே எனக்குத் தோன்றியது.

கோகிலா குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தாள். "மேல மாட்டுனா பட்டையில இடிக்காதுங்களா?" என்று கேட்டாள். பட்டை என்றால் கீழே அடுக்கியிருக்கும் ஸ்பிரிங் பட்டை. சலாவுதீன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "அக்கா, இத்தனை வருசத்துல இதை யாருமே எங்கிட்டக் கேட்டதில்லீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்பேனரால் தரையில் கோடு போட்டு அரைமணி நேரம் அவளுக்கு விளக்கினான். நான் வெளியே நின்று டீ குடித்தேன். டீ நன்றாகவே இல்லை.

கிளம்புகிற நேரத்தில் ரங்கநாயகம் போன் செய்தார். "சிகாமணி, மாசக் கடைசியில போட்டி இருக்குதல்ல, உங்க வண்டிய இந்தத் தடவை கோகிலவாணி ஓட்டட்டும். நம்ம கிளப்புக்கே பேரு."

"தாராளமா," என்றேன். தெய்வசிகாமணி பெருந்தன்மையில் குறைந்தவன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. எட்டு வருஷமாக அந்தப் போட்டியில் நான் ஓட்டுகிறேன். ஒரு தடவை மூன்றாவதாக வந்திருக்கிறேன்.

ஜூன் 7, சனி

கம்பி விஷயமாக லேத் பட்டறைக்கு நானே போனேன். சலாவுதீன் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். என் வண்டிக்கு என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியாதா? பைப்பின் இரண்டு முனையிலும் மரை, அதாவது திருகுப் புரி, போட வேண்டும். "ரெண்டு பக்கமும் ஒரே மரைங்களா?" என்று லேத்துக்காரர் கேட்டார். "பின்னே ஆளுக்கொண்ணா?" என்று அதட்டலாகவே சொன்னேன். அழகாகப் போட்டுக் கொடுத்தார். பைப் கைக்கு அடக்கமாக, கனமாக இருக்கிறது. இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டேன். மனசு லேசாக இருக்கிறது.

ஜூன் 10, செவ்வாய்

ஆளுக்கொன்றுதான் போட வேண்டுமாம்.

ஒரு முனையில் வலது மரை, இன்னொரு முனையில் இடது மரை. அப்படி இருந்தால் பைப்பைச் சும்மா கையால் திருப்பினாலே மொத்த நீளம் கூடும், குறையும். சக்கரங்களை நேர் பார்க்கச் சௌகரியம். இப்போது இரண்டும் ஒரே மரை. ஒவ்வொரு தடவை நேர் பார்க்கவும் ஒரு முனையைச் சக்கரத்திலிருந்தே கழற்றி, அதை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி மாட்ட வேண்டும். சலாவுதீன் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. கோகிலாதான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது.

"வேற பைப் போட்டுரலாங்கண்ணா."

"வேண்டாம். கழட்டி மாட்டுனாப் போச்சு. நான் மாட்டிக்கறேன்," என்றேன்.

ஜூன் 14, சனி

தென்னந்தோப்பில் தண்ணீர் கட்டிச் சேறாக்கி ஓட்டிப் பார்த்தோம். ஓட்டிப் பார்த்தோம் என்றால், அவள் ஓட்டினாள்.

அவளுடைய அப்பா வீட்டில் டிராக்டர் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் நெல் வயலில் சேற்றைக் கலக்கித் தொழி ஓட்டியிருக்கிறாள். பெண் பார்க்கப் போனபோதே மாமனார் அதைப் பெருமையாகச் சொன்னார். ஏதோ விளையாட்டு என்று நானும் சிரித்துவிட்டு அதோடு மறந்துபோனேன். இன்று அவள் சேற்றில் இறங்கினதும் தெரிந்தது. நானெல்லாம் ஸ்டீயரிங்கைப் பிடித்து மல்லுக்கட்டுகிறேன். அவள் பிடியைத் தளர்த்தி, சக்கரத்தைத் தன் போக்கில் விட்டு, அது எங்கே பிடிக்கிறதோ அங்கே மட்டும் லேசாகத் திருப்புகிறாள். எனக்கு வயிறு எரிந்தது. எழுதுவது என்று ஆனபின் மறைப்பானேன், நன்றாகவே எரிந்தது.

இறங்கி வந்து என்னிடம்தான் முதலில் சொன்னாள். "பழைய கம்பி மாதிரி இல்லீங்க. ஒடிச்சா ஒடிச்ச எடத்துல நிக்குது. நல்லாச் செஞ்சிருக்கீங்க." சலாவுதீன் பக்கம் திரும்பியும் அதையே சொன்னாள். அவனிடம் சொன்னபோது கூடுதலாகச் சிரித்தாள் என்று எனக்குத் தோன்றியது.

போட்டியில் ஓட்டுபவருக்குப் பக்கத்தில் ஒருவர் உட்கார வேண்டும். வழி சொல்ல, கயிறு கட்ட, தள்ள. "நீங்க உக்காருங்க," என்றாள். மில்லில் வேலை இருக்கிறது, பார்க்கலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமை மில் கிடையாது. அது அவளுக்கும் தெரியும். சலாவுதீன் உட்காரப் போகிறான்.

ஜூன் 20, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. நான் கோபமாக இல்லை.

ஜூன் 24, செவ்வாய்

சலாவுதீனைத் திட்டிவிட்டேன்.

நான் கழற்றி மாட்டி நேர் பார்த்து முடித்தபின், அவன் வந்து நான் இறுக்கின நட்டிலேயே ஸ்பேனரைப் போட்டு ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். எந்த வண்டியானாலும் அவன் வழக்கம் அது. எனக்குத் தெரியும். ஆனாலும் கோகிலா நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ர வண்டியில நான் பண்ணுன வேலைய இனிமே யாரும் செக் பண்ண வேண்டாம்," என்றேன். குரல் கொஞ்சம் பெரிதாகவே வந்துவிட்டது.

"சரிங்கண்ணா," என்று ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டான். ராத்திரி தோசைக்கு எனக்குப் பிடித்த பூண்டுச் சட்னி இல்லை.

ஜூன் 28, சனி

நாளை போட்டி. சாயங்காலம் கடைசியாக ஒரு தடவை ஓட்டிப் பார்த்தாள். "நேர் ரோட்டுல கொஞ்சம் அலையுதுங்க," என்றாள். முனையைக் கழற்றி, ஒரு சுற்றுக் கூட்டி, மாட்டினேன். இதில் ஒரு முறை உண்டு. மாட்டினதும் நட்டைக் கையால் மட்டும் போட்டுவிட்டு அளவு பார்க்க வேண்டும். சரியாக இருந்தால் ஸ்பேனரால் இறுக்கி, நட்டுக்குக் குறுக்கே சின்னக் கம்பிப் பின் ஒன்றைச் செருகி மடக்க வேண்டும். பின் இல்லாவிட்டால் குலுக்கலில் நட்டு கழன்றுவிடும். நட்டு கழன்றால் முனை கழன்றுவிடும். அப்புறம் ஸ்டீயரிங் அவள் கையில் இருக்கும், அந்தச் சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும்.

அளவு சரியாக இருந்தது. ஸ்பேனரை எடுக்கக் கை நீட்டினேன். முற்றத்தில் கோகிலாவும் சலாவுதீனும் ரங்கநாயகமும் நாளைய பாதையைக் காகிதத்தில் வரைந்து பேசிக்கொண்டிருந்தார்கள். கடைசிச் சுற்று கல் குவாரிப் பள்ளத்தின் விளிம்பில். "வலது சக்கரத்த வெளிம்பு ஓரமா விட்டு ஏத்தீருவேன்," என்றாள் அவள். "சிகாமணி இதுல எப்பவும் ரிவர்ஸ்தான் எடுப்பாரு," என்று ரங்கநாயகம் சொல்ல, மூன்று பேரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டு எழுந்து குளிக்கப் போய்விட்டேன். காலையில் பார்த்துக்கொள்ளலாம். சலாவுதீன் எப்படியும் ஒரு இழுப்பு இழுத்துப் பார்ப்பான்.

ஜூன் 29, ஞாயிறு

இதை எழுதவே மனசில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

வண்டியை ஏற்ற லாரி விடிவதற்குள் வந்துவிட்டது. நான் எழுந்தபோது ஏற்றிக் கட்டி முடித்திருந்தார்கள். குவாரியில் இறக்கினபின் செய்துவிடலாம் என்று நினைத்தேன். இறக்கினார்கள். கோகிலா ஓட்டிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்தினாள். எல்லோரும் அவளைச் சுற்றி நின்று பேசினார்கள். ஒருத்தர் அவளோடு படம் எடுத்துக்கொண்டார். நான் போய் எல்லோர் முன்னாலும் வண்டிக்கு அடியில் படுத்தால், 'ஏன், நேத்து முடிக்கலையா?' என்று கேட்பார்கள். அவளாக ஒரு வார்த்தை, 'எல்லாம் சரியா இருக்குதுங்களா' என்று கேட்டால் சொல்லிவிடலாம் என்று காத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. சலாவுதீன் டயர் காற்றைப் பார்த்தான், கயிற்றைப் பார்த்தான், முன் சக்கரத்துக்கு அருகே வந்து குனிந்தான், என் பக்கம் ஒரு பார்வை பார்த்தான், அப்படியே நிமிர்ந்து போய்விட்டான். செவ்வாய்க்கிழமை நான் கொடுத்த உத்தரவு!

சேற்றுச் சுற்றை முடித்தாள். பாறைச் சுற்றையும் முடித்தாள். நேரத்தில் அவள்தான் முதலிடம். எனக்கு அந்த நேரத்திலும், கடவுளே, அந்த நேரத்திலும் வயிறு எரிந்தது. பாறையில் வலது முன்சக்கரம் ஒரு தடவை தனியாக வெடுக்கென்று ஆடியதைப் பார்த்தேன். எரிச்சல் போன இடம் தெரியவில்லை.

குவாரி விளிம்புச் சுற்றுக்கு ஆரம்பக் கோட்டில் வண்டி நின்றது. கீழே பச்சைத் தண்ணீர். கொடிக்காரர் கொடியைத் தூக்கிவிட்டார். நான் தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஓடிப் போய் வண்டிக்கு முன்னால் நின்றேன். "நிறுத்து! எறங்கு! ரெண்டு பேரும் எறங்குங்க!"

"என்னாச்சுங்க?" என்றாள்.

என்ன சொல்வது? இருநூறு பேர் பார்க்கிறார்கள். "ஒண்ணுமில்ல. சும்மா, ஒரு சந்தேகம்," என்றேன்.

ரங்கநாயகம் மைக்கில் இருந்தார். "சிகாமணி, ஊட்டுக்காரி மொதலா வர்றத தாங்க முடியலீங்களா?" கூட்டம் மொத்தமும் சிரித்தது. யாரோ விசில் அடித்தார்கள். ஆரம்பக் கோட்டில் வண்டியைத் தொட்டால் அபராத நேரம் உண்டு என்று அறிவித்தார்கள். அடியில் படுத்தேன். நட்டு கடைசி மரையில் தொங்கிக்கொண்டிருந்தது. விரலால் தொட்டேன், ஆடியது. இன்னொரு குலுக்கலுக்குத் தாங்கியிருக்காது.

அதை வெளியே காட்டியிருக்கலாம். 'பாருங்க, இதுக்குத்தான் நிறுத்தினேன்' என்று சொல்லியிருந்தால் சிரிப்பெல்லாம் அடங்கியிருக்கும். அப்புறம், அதைப் போட்டது யார் என்று கேட்பார்கள். காலையிலிருந்து பையில் வைத்திருந்த ஸ்பேனரால் சத்தமில்லாமல் இறுக்கினேன், பின்னைச் செருகினேன், மடக்கினேன். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டேன். "போலாம்," என்றேன். பொறாமை பிடித்தவன் என்று அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். அதுவும் பொய்யில்லையே.

விளிம்பில் வலது சக்கரத்தை விட்டு, சொன்ன மாதிரியே ஏறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அபராதத்தைக் கூட்டினபின் நாலாவது இடம். அது இல்லாவிட்டால் கோப்பை அவளுடையது.

திரும்பி வரும்போது காரில் நாங்கள் இரண்டு பேர்தான். நான் ஓட்டினேன். கோட்டூர் தாண்டினதும் அவள் கேட்டாள்.

"நட்டு லூஸா இருந்துச்சுங்களா?"

நான் ரோட்டைப் பார்த்தேன்.

"லாரியில இருந்து எறக்கறப்பவே ஸ்டீயரிங் கொஞ்சம் வெளையாடுச்சுங்க. சலாவுதீன் கூட, அக்கா பாக்கட்டுமான்னு கேட்டான். நாந்தான் வேண்டாம்னேன். நீங்க பண்ணுன வேலை, மறுபடி பாத்தா உங்களுக்கு மனசு சங்கடப்படும்னு."

காரை ஓரம் கட்டினேன். நேற்றுச் சாயங்காலம் நடந்தது அத்தனையும் சொன்னேன். குளிக்கப் போனது வரைக்கும், காலையில் காத்திருந்தது வரைக்கும். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கலாம். வாயில் வரவில்லை.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், திட்டுவாள் என்று நினைத்தேன். சேலைத் தலைப்பால் முகத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள். "சலாவுதீனுக்கு ரெண்டு கொழந்தைக இருக்குதுங்க," என்றாள்.

ஜூன் 30, திங்கள்

சலாவுதீனிடம் போய்ச் சொன்னேன். கையில் இருந்த கிரீஸைத் துணியில் துடைத்தான். "அண்ணா, இன்னிக்குக் கடையில வேலை அதிகமுங்க," என்றான். ஒரு வண்டிகூட நிற்கவில்லை.

குரூப்பில் என்னைக் கேலி செய்து வந்ததற்கெல்லாம் கோகிலா ஒரே பதில் போட்டிருக்கிறாள்: 'அவர் நிறுத்தியதால்தான் நான் உயிரோடு இருக்கிறேன்.' அதையும் அவள்தான் முதலில் சொல்ல வேண்டியிருக்கிறது. அதற்குக் கீழே நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டேன். அதன்பின் குரூப்பில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

ஜூலை 3, வியாழன்

கோகிலா தானே லேத்துக்குப் போய் வேறு பைப் வாங்கி வந்தாள். ஒரு பக்கம் வலது மரை, ஒரு பக்கம் இடது மரை. திண்டுக்கல் பூட்டு மாதிரி கச்சிதம். முற்றத்தில் வைத்துவிட்டு, "மாட்டுங்க," என்றாள்.

"நானா? சலாவுதீனக் கூப்புடு."

"நீங்கதான் மாட்டோணும். மாட்டறவருதான் ஓட்டறவங்க பக்கத்துல உக்காரோணும். இனி இந்த ஊட்டுல அதுதான் வழக்கமுங்க."

ஜூலை 6, ஞாயிறு

மாட்டினேன். அளவு பார்த்தேன். இறுக்கினேன். பின் போட்டு மடக்கினேன். இந்தத் தடவை யார் சிரித்தாலும் எழுந்திருப்பதில்லை என்று இருந்தேன். சிரிக்க யாரும் இல்லை.

கிளப்பின் மாதக் கூட்டம், அதே ஓடை. ரங்கநாயகம் எனக்கு வணக்கம் சொல்லிவிட்டு அடுத்த வண்டிப் பக்கம் போய்விட்டார். சலாவுதீன் தூரத்தில் வேறு யாருடைய வண்டிக்கோ சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். நான் இடது சீட்டில் ஏறி பெல்ட்டைப் போட்டுக்கொண்டேன். என் வண்டியில் நான் உட்கார்ந்ததே இல்லாத சீட்டு. அங்கிருந்து பார்த்தால் ஓடை ரொம்பப் பக்கத்தில் தெரிகிறது.

கோகிலா சாவியில் கையை வைத்தாள், திருப்பவில்லை.

"பின் போட்டாச்சுங்களா?"

"போட்டாச்சு."

"எறங்கி இன்னொருக்கா பாத்துட்டு வாங்க."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் செய்ததை அவள் திருப்பிக் கேட்டதே கிடையாது. சலாவுதீன் மாட்டியிருந்தால் கேட்டிருக்கவும் மாட்டாள். அவன் மேல் எனக்கு இதுவரை வந்த பொறாமையெல்லாம் வெறும் கிறுக்கு. இன்று வந்ததற்கு மட்டும்தான் காரணம் இருந்தது.

பெல்ட்டைக் கழற்றி இறங்கினேன். ஈர மணலில் படுத்து அடியில் பார்த்தேன். பின் இருந்தது, மடக்கியபடியே இருந்தது. "இருக்குது," என்று கீழே இருந்தே சொன்னேன்.

ஓட்டுகிற பக்கத்துக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளும் இறங்கி வந்தாள். மணலில் எனக்குப் பக்கத்தில் படுத்து, டார்ச்சை அடித்து, தானும் பார்த்தாள்.